தைராய்டு கண் நோயும் அழற்சிப் புரதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத்திரை சாப்பிட்டு தைராய்டு அளவு சரியாகிவிட்டது. ஆனால் கண் மட்டும் இன்னும் துருத்திக்கொண்டு, சிவந்து, காலையில் எழுந்தால் இமை உப்பிக் கிடக்கிறது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் வந்தவர்களில் பலர் இந்தக் குழப்பத்தில் வந்து நிற்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் வேலை செய்வது பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் இல்லை, வேறு சில புரதங்கள் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்தப் புரதங்கள், அவற்றை அடக்கும் மருந்துகள் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

தைராய்டு இருப்பது கழுத்தில். கண் ஏன் பாதிக்கப்படுகிறது?

தைராய்டு செல்களின் மேல் டிஎஸ்எச் ரிசெப்டர் என்ற புரதம் இருக்கிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, தைராய்டைத் தூண்ட வரும் டிஎஸ்எச் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம் அது. கிரேவ்ஸ் நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, அதே ரிசெப்டரில் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. சுரப்பிக்கு ஓய்வே கிடைக்காது. ஹார்மோன் தேவைக்கு மேல் சுரந்துகொண்டே இருக்கும்.

கண்குழிக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கின்றன. திசுக்களுக்கு நடுவே நாரும் பசைப்பொருளும் செய்து தருவது இவற்றின் வேலை. உடம்பு முழுக்க இந்த வகை செல்கள் உண்டு என்றாலும், கண்குழியில் இருப்பவை சட்டென்று தூண்டப்படும் குணம் கொண்டவை. இவற்றின் மேலும் டிஎஸ்எச் ரிசெப்டர் இருக்கிறது. ஆக, தைராய்டு போய்க் கண்ணைக் கெடுக்கவில்லை. ஒரே ஆன்டிபாடிக் கூட்டம் இரண்டு இடத்திலும் கைவைக்கிறது.

கழுத்து வீக்கமும் படபடப்பும் துருத்திய கண்ணும் சேர்ந்து வருவதை டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-ல் எழுதினார். ஜெர்மனியின் மெர்செபுர்க் ஊரில் மருத்துவம் பார்த்த பேசடோ 1840-ல் தனியாக எழுதினார். ஜெர்மன்காரர்கள் இன்றும் பேசடோ நோய் என்றுதான் சொல்கிறார்கள். காரணம் பிடிபட இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1956-ல் நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் இருவரும், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டை வழக்கத்தைவிட நீண்ட நேரம் தூண்டும் ஏதோ ஒரு பொருள் இருப்பதைக் கண்டார்கள். அது ஓர் ஆன்டிபாடி என்பது பின்னால் தெரிந்தது.

அழற்சிப் புரதங்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

எதிர்ப்புச் சக்தி செல்கள் தங்களுக்குள்ளும் மற்ற செல்களோடும் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சின்னப் புரதங்கள் இவை. பொதுப்பெயர் சைட்டோகைன். இன்டர்லூகின் என்பது அதில் ஒரு பெரிய குடும்பம். கண்டுபிடித்த வரிசையில் எண் போட்டிருக்கிறார்கள். செல்களை ஓரிடத்துக்கு வரவழைப்பதை முக்கிய வேலையாகச் செய்பவை கீமோகைன்.

தைராய்டு கண் நோயில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்: இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, இன்டர்லூகின்-16, இன்டர்லூகின்-17, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்ஃபெரான்-காமா, டிஜிஎஃப்-பீட்டா. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இன்டர்லூகின்-6 ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் மருந்துப் பேச்சில் மறுபடி வரும்.

அவை கண்ணுக்குப் பின்னால் என்னதான் செய்கின்றன?

முதலில் எதிர்ப்புச் சக்தி செல்களில் ஒரு வகையான டி செல்கள் கண்குழிக்குள் வந்து சேர்கின்றன. அவற்றின் மேலுள்ள ஒரு புரதம், ஃபைப்ரோபிளாஸ்டின் மேலுள்ள சிடி40 என்ற ரிசெப்டரைத் தொடுகிறது. தொட்டதும் ஃபைப்ரோபிளாஸ்ட் விழித்துக்கொண்டு இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, புரோஸ்டாகிளாண்டின் என்ற அழற்சிப் பொருள் ஆகியவற்றைத் தயாரிக்கிறது. இன்டர்லூகின்-16-ம், ரேண்டெஸ் என்ற கீமோகைனும் வெளியாகி இன்னும் டி செல்களை இழுக்கின்றன. வந்தவை மேலும் தூண்டுகின்றன, தூண்டப்பட்டவை மேலும் அழைக்கின்றன. இந்தச் சுழல் தொடங்கிய பிறகு ஹார்மோன் அளவு என்ன என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை.

இன்டர்லூகின்-6 இதில் இரண்டு வகையில் வம்பு செய்கிறது. பி செல்கள் முதிர்ந்து ஆன்டிபாடி தயாரிக்க உதவுகிறது. கண்குழி ஃபைப்ரோபிளாஸ்டின் மேல் டிஎஸ்எச் ரிசெப்டரின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. அதாவது தாக்குபவர்களுக்கும் ஆள் சேர்க்கிறது, தாக்கப்படும் இடத்தையும் அகலப்படுத்துகிறது.

அடுத்தது வீக்கம். தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் ஹயலுரோனான் என்ற சர்க்கரைச் சங்கிலியை அளவில்லாமல் சுரக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் கண்குழிச் செல்களுக்கு இன்டர்லூகின்-1 கொடுத்தால் ஹயலுரோனான் உற்பத்தி எகிறுவதைப் பார்க்கலாம். தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் அதே தூண்டலுக்கு அந்த அளவு துள்ளுவதில்லை. இந்த ஹயலுரோனான் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், தண்ணீரில் போட்ட சப்ஜா விதை உப்புவது மாதிரி. கண்ணை அசைக்கும் தசைகளின் நார்களுக்கு இடையில் இது போய் நிறைந்ததும் தசை தடிக்கிறது. தசையின் நார்கள் அப்படியே இருக்கின்றன, நீரும் பசையும்தான் கூடுதல். சிடி ஸ்கேன் எடுத்தால் தசையின் நடுப்பகுதி பருத்தும், கண்ணோடு ஒட்டும் முனை ஒல்லியாகவும் தெரியும். தைராய்டு கண் நோயின் கைரேகை என்றே ஸ்கேன் படிப்பவர்கள் இதைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, கொழுப்பு. எல்லா ஃபைப்ரோபிளாஸ்டும் ஒரே மாதிரி போவதில்லை. தை-1 என்ற புரதம் மேலே இல்லாதவை கொழுப்புச் செல்களாக மாறுகின்றன. அந்தப் புரதம் உள்ளவை டிஜிஎஃப்-பீட்டாவின் தூண்டலில் தழும்புத் திசு போடும் செல்களாக மாறுகின்றன. ஒருவருக்குக் கண் அதிகம் துருத்தி, பார்வை நேராக இருப்பதும், இன்னொருவருக்குத் துருத்தல் குறைவாக இருந்தும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதும் ஏன் என்பதற்கு இதில் ஓரளவு பதில் இருக்கிறது.

கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி. சுற்றிலும் எலும்பு; திறந்திருப்பது முன்பக்கம் மட்டும். உள்ளே நாலைந்து மில்லி கூடினாலே விழி முன்னே தள்ளப்படும். பார்க்க விகாரமாக இருந்தாலும் அந்தத் தள்ளலில் ஒரு நன்மை உண்டு, உள்ளே அழுத்தம் கொஞ்சம் தணியும். இமையும் முன்பக்கத் திசுவும் இறுக்கமாக இருந்து விழி முன்னே வர முடியாதவர்களுக்கு, அழுத்தம் முழுவதும் பின்னாலுள்ள பார்வை நரம்பின் மேல் விழும். ஆகவே கண் துருத்தவில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

ஐஜிஎஃப்-1 ரிசெப்டர் என்று ஒன்றைச் சொல்கிறார்களே?

இன்சுலினுக்கு உறவான ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி ஒட்டும் ரிசெப்டர் அது. கிரேவ்ஸ் நோயாளிகளின் கண்குழி ஃபைப்ரோபிளாஸ்டில் இது வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறது; டிஎஸ்எச் ரிசெப்டரோடு பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து வேலை செய்கிறது. ஒன்றைத் தூண்டினால் மற்றொன்றின் உதவியும் கிடைத்து, ஹயலுரோனானும் சைட்டோகைனும் அதிகம் சுரக்கின்றன. ஐஜிஎஃப்-1 ரிசெப்டரை அடைத்தால் டிஎஸ்எச் ரிசெப்டர் வழியாக வரும் தூண்டலும் மங்குகிறது. புது மருந்து ஒன்று இந்தப் பலவீனத்தைத்தான் பிடித்தது.

இந்த ரிசெப்டருக்கு எதிராகவே தனி ஆன்டிபாடி நோயாளியின் உடலில் உண்டாகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பல வருஷமாகச் சண்டை. சிகிச்சைக்கு அந்தச் சண்டை முடியக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

டிஎஸ்எச், டி4 (தைராய்டு ஹார்மோன்) எல்லாம் நார்மல். கண் மட்டும் ஏன் மோசமாகிறது?

மாத்திரை குறைப்பது ஹார்மோனை. கண்குழிக்குள் ஓடும் சைட்டோகைன் சுழலை அது நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற விதியும் இல்லை. சிலருக்குக் கண் முதலில் வரும், சிலருக்குத் தைராய்டு அடங்கிப் பல மாதம் கழித்துக் கண் தொடங்கும். தைராய்டு அதிகம் சுரக்காமலேயே, அல்லது எதிர்ப்புச் சக்தி தைராய்டை மெல்ல அழிக்கும் ஹாஷிமோட்டோ நோயோடு, கண் நோய் வருபவர்களும் நூற்றில் ஐந்து பத்து பேர் உண்டு.

அதற்காகத் தைராய்டு மாத்திரையில் அலட்சியம் கூடாது. அளவு மேலே போனாலும் கீழே போனாலும் கண் கெடும். கிரேவ்ஸுக்கு மாத்திரை கொடுத்து, தைராய்டு ஹார்மோன் மிகவும் குறைந்து டிஎஸ்எச் ஏறிவிட்டால் கண் வீக்கம் கூடுவது பலருக்கு நடக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள்.

கண் அகலத் திறந்து முறைப்பது போல் தெரிவதில் ஒரு பங்கு மட்டும் ஹார்மோனால் வருவது. மேலிமையைத் தூக்கும் ஒரு சிறு தசை ஹார்மோன் மிகுதியில் இறுகிக்கொள்ளும். அந்தப் பங்கு மாத்திரையிலேயே தளரும்.

ரத்தத்தில் இன்டர்லூகின்-6 அளவு பார்க்கலாமா? லேப் பேக்கேஜில் இருக்கிறதே.

பணம் வீண். அழற்சி நடப்பது கண்குழி என்ற சின்ன இடத்தில். ரத்தத்தில் அதன் சாயல் சரியாகத் தெரியாது. சளி பிடித்தாலும், பல் வீங்கினாலும், உடல் பருமனாலும்கூட இன்டர்லூகின்-6 ஏறும். உடலின் பொதுவான அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரண்டும் கண் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நார்மலாக வருவது சகஜம். கண்ணீரில் சைட்டோகைன் அளந்து பார்த்த ஆய்வுகளில் அளவு கூடியிருப்பது தெரிந்திருக்கிறது. ஆனால் அது இன்னும் ஆராய்ச்சி மேஜையைத் தாண்டி வரவில்லை.

பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை டிஎஸ்எச் ரிசெப்டர் ஆன்டிபாடி. ரிப்போர்ட்டில் ட்ராப் என்று சுருக்கியிருப்பார்கள். அளவு அதிகமாக இருந்து, குறையாமலும் நின்றால் கண் நோய் தீவிரமாக வாய்ப்பு அதிகம்.

கிரேவ்ஸ் இருந்தால் கண் நோய் கட்டாயம் வருமா?

வராது. மூன்றில் ஒருவருக்கு ஏதாவது கண் அறிகுறி இருக்கும் என்பது தோராயக் கணக்கு. அதிலும் பெரும்பாலோருக்கு உறுத்தல், நீர் வடிதல், லேசான வீக்கத்தோடு முடிந்துவிடும். பார்வை நரம்பு அழுந்தும் அளவுக்குப் போவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் வந்தால் கடுமையாக வருகிறது.

சிகரெட் பிடிப்பதற்கும் இதற்கும் என்ன?

நிறைய. மரபணுவை, வயதை, பாலினத்தை மாற்ற முடியாது. நீங்கள் மாற்றக்கூடியதில் முதல் இடம் இதற்குத்தான். புகைப்பவர்களுக்குக் கண் நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு, வந்தால் தீவிரம் அதிகம், ஸ்டீராய்டு கொடுத்தாலும் கேட்பது குறைவு. கண்குழி ஃபைப்ரோபிளாஸ்ட் வளரும் தட்டில் சிகரெட் புகைச் சாற்றை விட்டுப் பார்த்தார்கள். ஹயலுரோனானும் கூடியது, கொழுப்புச் செல்லாக மாறுவதும் கூடியது. இன்டர்லூகின்-1 ஏற்கெனவே இருந்தால் அந்த விளைவு இன்னும் அதிகம்.

பீடிக்கும் இதே கதைதான். வீட்டில் அடுத்தவர் ஊதும் புகையும் நல்லதில்லை. மூவாயிரம் ரூபாய்க்குக் கண் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் சிகரெட் பற்றவைப்பவரைப் பார்த்தால் என்ன சொல்வது?

நோய் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

சிகிச்சையே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. 1945-ல் ரண்டில் என்பவர் கண்ணின் போக்கை ஒரு கோடாக வரைந்து காட்டினார். முதலில் வேகமாக ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கி, பிறகு சமமாக ஓடும் கோடு. ஏறி இறங்கும் காலம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம், சிலருக்கு மூன்று. அந்தக் காலத்தில் சைட்டோகைன்கள் வேலையில் இருக்கும். அழற்சியை அடக்கும் மருந்து பலிக்கும். ஆறியபின் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கொழுப்பும் தழும்பும். அப்போது ஸ்டீராய்டைக் கொட்டினால் சர்க்கரை ஏறுமே தவிர, கண் இறங்காது. இறங்கும் கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்து, காலம் போனபின் வருவதுதான் இந்த நோயில் ஏற்படும் பெரிய இழப்பு.

அழற்சியின் சூட்டை அளக்க டாக்டர்கள் ஏழு கேள்வி கொண்ட மதிப்பெண் ஒன்று வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா? கண்ணை அசைத்தால் வலிக்கிறதா? இமை சிவந்திருக்கிறதா? வெள்ளை விழி சிவந்திருக்கிறதா? இமை வீங்கியிருக்கிறதா? வெள்ளை விழியின் மேல் சவ்வு நீர் கோத்து உப்பியிருக்கிறதா? மூக்கோரச் சதை தடித்திருக்கிறதா? ஆம் என்பதற்கு ஒவ்வொரு மதிப்பெண். மூன்று, அதற்கு மேல் என்றால் நோய் சூடாக இருக்கிறது.

விழி எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்பதை ஹெர்ட்டல் என்ற கருவியை இரண்டு கண்ணின் ஓர எலும்பிலும் வைத்து, பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்து மில்லிமீட்டரில் குறிப்பார்கள். முதல் முறை போகும்போது நாலைந்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றை எடுத்துப் போங்கள். ஆதார் அட்டைப் படம் சரிப்படாது, அதில் எல்லோருக்கும் கண் துருத்தித்தான் இருக்கும். கல்யாண ஆல்பம் உத்தமம்.

ஸ்டீராய்டு ஊசி எதற்கு? மாத்திரை போதாதா?

ஸ்டீராய்டு ஒரு சைட்டோகைனைக் குறிபார்த்து அடிப்பதில்லை. அழற்சி ஜீன்களை ஒட்டுமொத்தமாக அமர்த்துகிறது. அதில் இன்டர்லூகின்களும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் அடங்கும். நரம்பு வழியே வாரம் ஒருமுறை கொடுக்கும் மெதில்பிரட்னிசலோன், தினமும் விழுங்கும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது, பக்கவிளைவும் குறைவு. வழக்கமான முறை ஆறு வாரம் 500 மில்லிகிராம், அடுத்த ஆறு வாரம் 250 மில்லிகிராம், மொத்தம் நாலரை கிராம். ஒரு சுற்றில் 8 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. 2021-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி, மிதமான நோயிலிருந்து தீவிர நோய் வரை இதனுடன் மைக்கோஃபினோலேட் சேர்ப்பதை முதல் தேர்வாகச் சொல்கிறது. டி செல், பி செல் இரண்டின் பெருக்கத்தையும் அது தடுக்கிறது.

தொடங்குமுன் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈரல், மஞ்சள் காமாலை பி வைரஸ் பார்ப்பார்கள். நம் ஊரில் மறைந்திருக்கும் காசநோயையும் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய டிபி பற்றி யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

டெப்ரொட்டுமுமாப் பற்றி நிறையப் படித்தேன். அது உண்மையிலேயே அற்புதமா?

நல்ல மருந்து, அற்புதம் என்ற சொல் கொஞ்சம் அதிகம். ஐஜிஎஃப்-1 ரிசெப்டரை அடைக்கும் ஆன்டிபாடி இது. முதலில் புற்றுநோய்க்காகச் செய்தார்கள், அங்கே எடுபடவில்லை. கண்ணுக்குத் திருப்பினார்கள். 83 பேரை வைத்து நடந்த ஆய்வில், 24 வாரத்தில் துருத்தல் 2 மில்லிமீட்டராவது குறைந்தவர்கள், மருந்து வாங்கியவர்களில் 83 சதவீதம். வெறும் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 10 சதவீதம். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் நன்றாகக் குறைக்கும், துருத்தலைக் குறைப்பதில் சுமார்தான். அந்த இடத்தில் இது முன்னே நிற்கிறது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை எட்டுத் தடவை நரம்பு வழியே ஏற்றுவார்கள். தசைப்பிடிப்பு, முடி கொட்டுதல், குமட்டல் வரலாம். ஐஜிஎஃப்-1 இன்சுலினுக்கு உறவு என்று பார்த்தோம் அல்லவா, அதனால் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடங்குமுன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இன்னும் கவலை தருவது காது. கேட்கும் திறன் குறையலாம், காதில் இரைச்சல் வரலாம், சிலருக்கு நிரந்தரமாகவே நின்றுவிடுகிறது. முன்கூட்டியே கேட்புச் சோதனை செய்துகொள்ளாமல் தொடங்கக் கூடாது. குடல் அழற்சி நோய் இருந்தால் அது கிளம்பலாம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மருந்தை நிறுத்திய பிறகு சிலருக்குத் துருத்தல் திரும்புகிறது. விலையோ, ஒரு முழுச் சுற்றுக்கு அமெரிக்காவில் லட்சக்கணக்கான டாலர்.

இன்டர்லூகின்-6ஐ அடக்கும் மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. டாசிலிசுமாப். முடக்குவாதத்துக்குப் பல வருஷமாகக் கொடுக்கப்படும் மருந்து. கொரோனா காலத்தில் பெயர் எல்லோர் காதிலும் விழுந்தது. இன்டர்லூகின்-6 ஒட்டும் ரிசெப்டரை இது அடைக்கிறது. ஸ்டீராய்டு கேட்காத 32 நோயாளிகளை வைத்து ஸ்பெயினில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கண்ணின் சூடு மருந்து வாங்கியவர்களுக்குத் தெளிவாகக் குறைந்தது. துருத்தல் விஷயத்தில் பலன் அந்த அளவு நிலைக்கவில்லை. ஸ்டீராய்டு தோற்ற இடத்தில் யோசிக்க வேண்டிய மருந்து என்பது சரியான மதிப்பீடு. தொற்று, டிபி, ஈரல் நொதி, கொழுப்பு அளவு எல்லாவற்றையும் கண்காணிக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பி செல்களை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் பற்றி 2015-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. இத்தாலியில் பலன், அமெரிக்காவில் பலனில்லை. டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் சின்ன ஆய்வுகளைத் தாண்டவில்லை.

மஞ்சள், செலினியம், கொழுப்பு மாத்திரை இவற்றால் அழற்சி குறையுமா?

மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களை மஞ்சள் சாந்தப்படுத்தலாம், கண் நோயாளிகளுக்குப் பலன் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை. குழம்பில் போடுங்கள், மாத்திரையாக வாங்க வேண்டாம்.

செலினியத்துக்கு ஆய்வு இருக்கிறது. லேசான கண் நோய் உள்ளவர்களுக்கு 100 மைக்ரோகிராம் தினம் இரண்டு வேளை, ஆறு மாதம் கொடுத்து 2011-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் கண்ணும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அது செலினியம் குறைவான மண் உள்ள பகுதிகளில் நடந்தது. ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவர்களுக்கு அதே பலன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும்.

கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின்தான் ஆச்சரியம். கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்த 88 நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு ஊசியோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், இத்தாலியின் பீசா நகரில். சேர்த்து வாங்கியவர்களுக்குக் கண் நன்றாகத் தேறியது. கொலஸ்ட்ரால் இருந்து இன்னும் மாத்திரை தொடங்காதவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன், ஃபைப்ரோபிளாஸ்டைக் கொழுப்புச் செல்லாக மாற்றும் அதே வழியைத் தூண்டுகிறது. கண் துருத்தல் கூடியதாகப் பதிவுகள் உண்டு. நம் ஊரில் பல கூட்டு மாத்திரைகளுக்குள் அது ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் படித்து, இருந்தால் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரேடியோ அயோடின் கொடுக்கலாம் என்கிறார்கள். கண்ணுக்கு ஆபத்தா?

ஆகலாம். தைராய்டுச் சுரப்பியை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க மருந்து இது. சுரப்பி சிதையும்போது அதன் புரதங்கள் ரத்தத்தில் கலந்து, ட்ராப் ஆன்டிபாடி பல மாதத்துக்கு ஏறி நிற்கும். 1998-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் ரேடியோ அயோடின் மட்டும் வாங்கியவர்களில் 15 சதவீதம் பேருக்குக் கண் மோசமானது. கூடவே ஸ்டீராய்டு வாங்கியவர்களில் யாருக்கும் மோசமாகவில்லை. கண் சூடாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள், அல்லது ஸ்டீராய்டோடு கொடுப்பார்கள். புகைப்பவர் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு கண் மட்டும் துருத்தியிருக்கிறது. இது தைராய்டா?

இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு கண் துருத்துவதற்கும் அடிக்கடி காரணம் இதுதான். ஆனால் கட்டி, வேறு அழற்சி எல்லாவற்றையும் ஸ்கேனில் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

பார்வை மங்கினால். நிறம் வெளிறினால். சிவப்பாக ஏதாவது ஒரு பொருளை, தண்ணீர் பாட்டில் மூடியோ குங்குமச் சிமிழோ, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அது காவி போல் தெரிந்தால் பார்வை நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கருவிழியில் கடும் வலி, வெள்ளைப் புள்ளி, தூங்கும்போது கண் மூடாமல் விழி காய்வது ஆகியவையும் காத்திருக்க முடியாதவை. அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வேண்டாம்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

செயற்கைக் கண்ணீர், பாதுகாப்புப் பொருள் சேர்க்காத வகை. இரவில் களிம்பு. தலையணை ஒன்று கூடுதலாக வைத்துப் படுத்தால் காலை வீக்கம் குறையும். சீலிங் ஃபேன் நேர் கீழே படுக்காதீர்கள், மூடாத கண் காய்ந்துவிடும். பைக்கில் போகும்போது முகம் மூடும் ஹெல்மெட். இரண்டிரண்டாகத் தெரிந்தால் வண்டி ஓட்டவே கூடாது. கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் தாள் கேட்டுப் பாருங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது திட்டமிடுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும், டெப்ரொட்டுமுமாபும் கூடாது. இரண்டையும் நிறுத்தி எத்தனை காலம் கழித்துக் கருத்தரிக்கலாம் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். டிஎஸ்எச் ரிசெப்டர் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகக்கூடியது. சுரப்பியை அறுவையில் எடுத்துவிட்டவர்களுக்கும் ஆன்டிபாடி மிச்சமிருக்கும், ஆகவே பழைய கிரேவ்ஸ் கதையைப் பிரசவ டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

எல்லாம் ஆறியபின் கண் பழையபடி ஆக ஆபரேஷன் உண்டா?

உண்டு, வரிசை முக்கியம். முதலில் கண்குழி எலும்பின் ஒரு பகுதியை அல்லது கொழுப்பை எடுத்து இடம் உண்டாக்குவார்கள். அதனால் தசைகளின் நிலை மாறும் என்பதால் மாறுகண்ணை அதற்குப் பிறகுதான் சரிசெய்ய முடியும். மாறுகண் ஆபரேஷன் இமையின் உயரத்தை மாற்றும், ஆகவே இமை கடைசி. தழும்பு நிலைத்து, குறைந்தது ஆறு மாதம் அளவுகள் மாறாமல் நின்ற பிறகே தொடங்குவார்கள். பார்வை நரம்பு அழுந்தினால் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. மூன்றும் தேவைப்படுபவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படாது, பலருக்கு இமை ஒன்றே போதும்.